அப்பா துடைக்காத இடம்

1. பூ வரத்து குறைந்திருந்த ஒரு காலையில், அப்பா தன் குட்டி யானை லோடு வண்டியை நான் வேலை செய்யும் கடைக்கு ஓட்டிவந்தார்.

2. வண்டியின் முகப்பில் அக்காவின் பெயர் தெரிந்தது. ஸ்டிக்கர் அங்கே இல்லை. அதை அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பே உரித்துவிட்டார். பெயர் மட்டும் போகவில்லை.

3. அதை அழித்துக் கொடுக்கச் சொன்னார். அத்தை மகனின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

4. நான் வண்டியைக் கழுவினேன். காயவைத்தேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

5. பாலிஷ் மெஷினைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனது அடங்கும். ஆனால் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நடந்ததை ஒரு வரியில் எழுத முடியவில்லை.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். வண்டிகளின் பெயின்டுக்கு மேல் கோட்டிங் போட்டுப் பாதுகாக்கும் வேலையைப் பெங்களூரில் ஒரு கடையில் கற்றுக்கொண்டேன். இப்போது தருமபுரி பைபாஸ் ஓரத்தில் ஒரு கடையில் அதையே செய்கிறேன். சொந்தக்காரர்கள் இதை ‘வாட்டர் சர்வீஸ்’ என்பார்கள். ஒரு காதுகுத்தில் பெரியம்மா பக்கத்து இலைக்காரரிடம், “டிப்ளமோ படிக்க வெச்சாங்க, புள்ள வண்டி கழுவிக்கிட்டிருக்குது” என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. என் வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான்.

வண்டியில் விழும் கீறல்களில் பெரும்பாலானவை சாலையில் விழுவதில்லை. வீட்டு வாசலில், வண்டிமேல் ஆசை உள்ளவர் கையால் விழுகின்றன. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி வண்டிமேல் இருக்கும்போது ஒரு பழைய துணியைப் போட்டு இழுத்தால், அந்தத் துணி உப்புத்தாளாகிவிடும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அதனால் முதலில் தண்ணீரை அடித்து மண்ணை இறக்க வேண்டும். நுரையில் ஊறவிட வேண்டும். இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, இன்னொன்று துணியில் ஏறிய மண்ணை அலசுவதற்கு. மேலிருந்து கீழே வர வேண்டும். தேய்க்கவே கூடாது, துணியின் எடை போதும். கடைசியில் உடனே ஒற்றி எடுக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போகும்.

இந்தப் பாடமெல்லாம் வீட்டில் எடுபட்டதில்லை. அப்பா பூ மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஒரு குடம் தண்ணீரை வண்டிமேல் வீசி ஊற்றுவார். அம்மாவின் பழைய சேலைத் துண்டை எடுத்துப் பெரிய பெரிய வளைவாக இழுப்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பக்கெட் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “அதுக்குக் குளிப்பாட்டி தொட்டில்ல போடறதுதான் பாக்கி” என்றார்.

வண்டி நான் பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. சிவப்பு நிறம். நாங்கள் இருக்கும் இண்டூர் பக்கத்திலிருந்து எங்கள் சாமந்தியையும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களின் பூவையும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி. வாங்கிய வாரமே பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஸ்டிக்கர் கடையில் நிறுத்தி, முகப்பில், கண்ணாடிக்குக் கீழே, அக்காவின் பெயரை மஞ்சள் எழுத்தில் ஒட்டினார்கள். என் பெயரைப் பின்கதவில் ஒட்டுவதாக ஏற்பாடு. அங்கே ஏற்கெனவே ‘ஒலி எழுப்பவும்’ என்று இருந்தது. “உனக்கு அடுத்த வண்டி” என்றார் அப்பா. அடுத்த வண்டி வரவில்லை. அக்கா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் வெகுநாள் ‘ஒலி எழுப்பவும்’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஊரில் அந்த வண்டியை யாரும் குட்டி யானை என்று சொன்னதில்லை. அக்கா பெயரைச் சொல்லி, அது போகிறது, அது வருகிறது என்பார்கள். மார்க்கெட்டிலும் அப்படித்தான். தரகர்களில் பாதிப் பேருக்கு அப்பாவின் பெயர் தெரியாது.

அக்காவை அத்தை மகனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை அந்த அத்தை. அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர்கள் பென்னாகரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்களைப் போலவே மரவள்ளி போடுகிறவர்கள், எங்களைப் போலவே மழைக்கு வானத்தைப் பார்க்கிறவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஃபோனில் எனக்குத்தான் முதலில் சொன்னாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார்.

அப்பா கத்தவில்லை. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய்வந்தார். வந்ததும் வெந்நீர் போடச் சொன்னார். அம்மா குளிக்கத்தான் என்று நினைத்துச் சோப்பையும் எடுத்து வைத்தார். அப்பா வெந்நீரைத் தூக்கிப்போய் வண்டி முகப்பில் ஊற்றி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். அம்மா உள்ளே போய் ஒரு பிளேடைக் கொண்டுவந்து நீட்டினார். “பிளேடு போட்டா பெயின்டு போயிரும்” என்றார் அப்பா. ஒவ்வொரு எழுத்தாக, நகம் சிவக்கச் சிவக்க உரித்தார். எல்லாவற்றையும் உருட்டிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பெயர் அங்கேயே இருந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. அந்த வண்டியின் பெயின்ட் மேலே கண்ணாடி மாதிரித் தனிப் பூச்சு இல்லாத சாதாரணப் பெயின்ட். பல வருட வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்து, விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும் அளவுக்கு வந்திருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே பெயின்ட், வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த சிவப்பிலேயே இருந்தது. மஞ்சளில் இருந்த பெயர் இப்போது அடர் சிவப்பில் இருந்தது, அவ்வளவுதான். முன்பைவிட அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அதிலிருந்து அப்பா வண்டியை முகப்பு சுவரைப் பார்க்கும்படி நிறுத்த ஆரம்பித்தார். ஊரார் கண்ணில் படக் கூடாது என்பதற்காக என்று நினைத்தோம். அக்காவைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவுடன் ஃபோனில் பேசும்போது எழுந்து வெளியே போய்விடுவார். வெளியே என்றால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

இரண்டு வருடம் கழித்து அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் அப்பா. தாய்மாமன் சீர் அவர் வண்டியில்தான் போக வேண்டும். அத்தை ஃபோன் செய்து சீர் விவரமெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், “ண்ணா, நீ தாராளமா வா. அந்தப் பேரோட மட்டும் வண்டிய எங்கூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தாத. எம்பையன் பாக்கோணும், பொண்ணு வூட்டுக்காரங்க பாக்கோணும்” என்றார். அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அக்காவுக்குப் பாவாடை தைத்துப் போட்டு வளர்த்தவர் அவர். அந்தப் பேச்சு முறிந்தபோது அவர் மகன் எத்தனை பேரின் கேலிக்கு ஆளானான் என்பது எனக்குத் தெரியும். அப்பா, “சரி சாமி” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் கடைக்கு வந்தார். முகப்பை ஒரு சாக்கால் மூடிக் கட்டியிருந்தார். கடை முதலாளி அண்ணன் வண்டியைச் சுற்றிவந்து, “குட்டி யானைக்குக் கோட்டிங்கா? அடுத்தது டிராக்டருக்கு ஃபேஷியல் ஆரம்பிச்சிரலாங்களா மேடம்” என்றார். நான் சாக்கை அவிழ்த்ததும் படித்துப் பார்த்தார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். உள்ளே போய்விட்டார்.

“அந்தப் பேரு போவணும் பாப்பா” என்றார் அப்பா.

“முழுசாவாங்கப்பா?”

“முழுசாத்தான். நானுந் தெனம் தேச்சுத் தேச்சுத்தான் பாக்கறன். போவ மாட்டங்குது.”

இதைச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கடை வாசல் நன்றாகத் தெரியும்.

அழிப்பது சுலபமான வேலை. பாலிஷ் மெஷினால் மேலே வெளுத்துக் கிடக்கும் பெயின்டை மெல்லிய அளவில் எடுத்தால், அடியில் இருக்கும் சிவப்பு வந்துவிடும். சுற்றிலும் அதே சிவப்பு வந்தால் எழுத்து எதில் நிற்கும்? அரை நாள் வேலை. கோட்டிங் போட வேண்டுமென்றாலும் முதலில் பாலிஷ் செய்யத்தான் வேண்டும். அது எங்கள் வரிசை: கழுவு, படிந்ததை நீக்கு, பாலிஷ் செய், துடை, கோட்டிங் போடு. இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை.

முறைப்படி கழுவினேன். காய்ந்ததும், பாலிஷுக்கு முன் எப்போதும் செய்வதுபோல, கை விளக்கைச் சாய்வாகப் பிடித்து முகப்பைப் பார்த்தேன். கீறல் எங்கே, எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகப்பு முழுவதும் அப்பாவின் கை இருந்தது. இடமிருந்து வலமாகப் பெரிய பெரிய வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, வருடக்கணக்கில். எனக்குத் தெரிந்த அதே இழுப்பு. ஆனால் அந்த வளைவுகள் பெயருக்கு அருகே வந்ததும் வளைந்து மேலே ஏறின. சில கீழே இறங்கின. எழுத்துகளுக்குள் விளக்கை நகர்த்தினேன். பளபளப்பான இடத்தில்தான் கீறல் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை.

முதலில் என் கண்ணைச் சந்தேகித்தேன். விளக்கை மறுபக்கம் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, ஆனால் வேறொன்று இருந்தது. ஐந்து எழுத்திலும் வெள்ளை வெள்ளையாக உப்பு வளையங்கள். போர் தண்ணீர் விழுந்து, துடைக்கப்படாமல், அப்படியே காய்ந்த வளையங்கள். வண்டியில் வேறெங்கும் அவை இல்லை. மற்ற இடமெல்லாம் துணி பட்டுக் கீறியிருந்தது. இங்கே தண்ணீர் மட்டும் பட்டிருந்தது.

தினம் தேய்த்துப் பார்ப்பதாகச் சொன்ன இடத்தில் அப்பாவின் துணி ஒருநாளும் பட்டிருக்கவில்லை.

சுவரைப் பார்த்து நிறுத்துவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுவர்ப் பக்கம் வெயில் குறைவு. ஸ்டிக்கர் போன இரண்டு வருடத்தில் அந்தப் பெயர் பாதியாவது வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. அதற்காகத்தான் அப்படி நிறுத்தினாரா என்றால் எனக்குத் தெரியாது. வெட்கத்துக்காக என்று நாங்கள் நினைத்ததும் உண்மையாக இருக்கலாம். இரண்டுக்கும் அந்த ஒரு சுவர் போதும்.

மெஷினை எடுத்து, பஞ்சைப் பொருத்தி, பெயரின் கடைசி எழுத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். எதிர்ப்பக்கம் பார்த்தேன். அப்பா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

வந்ததும் விஷயத்தை வரிசையாகச் சொன்னேன். அழிக்கலாம், அரை நாளில் முடியும். அழித்தால் திரும்ப வராது. அழிக்காமல் இப்படியே விட்டாலும் வெயில் நாளாக நாளாக எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். பாலிஷ் செய்யாமல் மேலே கோட்டிங் மட்டும் போட்டால் வெளுப்பது மெதுவாகும். கீறலும் அப்படியே நிற்கும், பெயரும் நிற்கும்.

“எத்தினி நாளைக்கு நிக்கும்?” என்றார்.

“பாத்துக் கழுவினா சில வருசம் நிக்குங்கப்பா.”

வண்டியைப் பார்த்தார். விளக்கு என் கையிலேயே இருந்தது. “வெளக்கு அடிச்சுப் பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தங்கப்பா.”

அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்கத்தைக்கு வாக்கு குடுத்துட்டன். அவ வாசல்ல கொண்டுபோயி நிறுத்தணுமே” என்றார்.

“சீர் வண்டி முகப்புக்கு எப்படியும் பூ கட்டத்தானுங்க போறம். நம்மகிட்ட இல்லாத பூவா?”

அப்பா முகப்பின் அருகே குனிந்து, கையை விரித்து, மேலிருந்து கீழாக ஒரு சாண் அளந்தார். பிறகு இன்னும் நாலு விரல் சேர்த்தார்.

“அகலமாக் கட்டோணும்” என்றார்.

முதலாளி அண்ணன் சம்மதிக்கவில்லை. பாலிஷ் செய்யாமல் கோட்டிங் போட்டால் கீறலெல்லாம் கண்ணாடிக்குள் போட்ட மாதிரி நிற்கும், பார்க்கிறவன் கடையைப் பற்றி என்ன நினைப்பான் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கும் கை கூசியது. இதுவே வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். கடை பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னதும், “உங்கப்பா வண்டியில ஏற்கெனவே இருக்கற பேரு போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வினிகரில் நனைத்த துணியால் உப்பு வளையங்களை ஒவ்வொன்றாகக் கரைத்தேன். உரசாமல், ஒற்றி ஒற்றி. எழுத்துகளின் ஓரம் வந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பிறகு படிந்த மண்ணை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பாலிஷ் என்ற வரியைத் தாண்டி, கோட்டிங் போட்டேன். கட்டம் கட்டமாகப் போட்டு, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிய நிறங்கள் ஓடும் வரை காத்திருந்து, மிருதுவான துணியால் சமமாக எடுத்தேன். சிவப்பு ஈரம் பட்டதுபோல ஆழமானது. பெயர் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வளைந்துபோன அப்பாவின் கீறல்களும் உள்ளே நின்றுவிட்டன. நான் செய்ததிலேயே மோசமான கோட்டிங் அது. அதை இன்னொருவர் திருத்த நான் விடமாட்டேன்.

ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாது, மஞ்சள் குங்குமம் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னேன். வெள்ளிக்கிழமை அம்மா பொட்டை நம்பர் பிளேட்டில் வைத்தார். அதற்குப் பிறகு கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம், கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைப் பயன்படுத்துங்கள் என்றேன். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவார்களா என்று அம்மா ஒருநாள் முழுக்கச் சத்தம் போட்டார். மறுநாள் காலை, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீர் மூடி போட்டு இருந்தது.

கல்யாணத்தன்று முகப்பில் அப்பா கட்டிய சாமந்தி ஒன்றரைச் சாண் அகலம் இருந்தது. அத்தை வீட்டு வாசலில் வண்டி நின்றது. சீர்த்தட்டுகள் இறங்கின. அத்தை ஆரத்தி எடுத்துவிட்டு, வழக்கப்படி வண்டிக்கும் பொட்டு வைக்க முகப்புக்கு வந்தார். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தை பொட்டு வைக்க இடம் தேடிப் பூவைக் கொஞ்சம் தூக்கினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணாடி வழியாக அத்தையின் முகம் மட்டும்தான் தெரிந்தது. தூக்கிய பூவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் பெண் வீட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பூவை இருந்தபடியே இறக்கி, இரண்டு கையாலும் நீவிவிட்டு, பொட்டைக் கண்ணாடியில் வைத்தார். பிறகு கதவுப் பக்கம் வந்தார்.

“ஏண்ணா வெயில்லயே ஒக்காந்திருக்கற. உள்ள வா” என்றார்.

இன்றைய நிலவரம் இது. அப்பா இன்னும் அக்காவிடம் பேசவில்லை. அக்கா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அத்தை அந்தப் பூவைத் தூக்கிப் பார்த்ததைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வண்டி இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. அப்பா இரண்டு பக்கெட்டில் கழுவுகிறார், கடைசியில் ஒகேனக்கல் தண்ணீரை ஊற்றி ஒற்றி எடுக்கிறார், பெயருக்கு மேலேயும். கோட்டிங் நன்றாக இருக்கிறது. பெயர் படிக்கும்படி இருக்கிறது.